தேடுபொறியும் தமிழ்ச் சொல்நிரலும்

(தனித்தமிழ் அன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



மொழிக்கு நேரும் கேடுகளுள் சில கண்ணுக்குத் தெரிவன. கடைப் பெயர்ப் பலகையில் அயற்சொல் அமர்ந்திருப்பதும், திருமண அழைப்பில் வடசொல் மலிந்து கிடப்பதும், செய்தித்தாளில் கலவை நடை நெளிவதும் எவர்க்கும் தெரியும். 1916-ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழியக்கம் அவற்றை எதிர்த்தே வளர்ந்தது. ஆனால், கண்ணுக்குத் தெரியாத கேடு ஒன்று இன்று தமிழ்ச் சொற்றொடரின் எலும்பையே அரித்துக்கொண்டிருக்கின்றது. சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் நிரலையும், அவற்றைப் பிணைக்கும் உருபுகளையும் பற்றியது அக்கேடு. அதன் பிறப்பிடம், கைப்பேசித் திரையில் தேடுசொல் எழுதுதற்கென விடப்பட்டிருக்கும் ஒரு சிறு கட்டம்.

சென்னையிலிருந்து மதுரைக்குச் செல்லவிருக்கும் தமிழர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பேருந்து புறப்படும் நேரத்தை அறிய அவர் தேடுபொறியை நாடுகின்றார். அவர் விரல் எழுதுவது யாது? 'சென்னை டு மதுரை பஸ் டைமிங்.' இத்தொடரில் ஐந்து சொற்கள் உள்ளன. ஊர்ப்பெயர் இரண்டும் நீங்க, எஞ்சிய மூன்றும் ஆங்கிலம். 'பேருந்து' என்றும் 'நேரம்' என்றும் எழுதியிருக்கலாமே என்று தனித்தமிழ் அன்பர் வருந்துவர். அவ்வருத்தம் முறையானதே. ஆயினும், அதனினும் பெரிய இழப்பு ஒன்று அத்தொடருக்குள் ஒளிந்துள்ளது. 'இலிருந்து' என்னும் உருபும் 'கு' என்னும் உருபும் அங்கே இல்லை. அவை இருந்த இடத்தில் 'டு' என்னும் ஓர் ஆங்கிலச் சிறுசொல் நிற்கின்றது.

இதனால் விளைவது என்னை? அத்தொடரில் ஊர்ப்பெயர் இரண்டையும் இடம் மாற்றுங்கள்; பயணத்தின் திசையே மாறிவிடும். 'மதுரை டு சென்னை' என்றால் மதுரையில் ஏறிச் சென்னையில் இறங்க வேண்டும். தமிழிலோ, 'சென்னையிலிருந்து மதுரைக்கு' என்றாலும் 'மதுரைக்குச் சென்னையிலிருந்து' என்றாலும் திசை ஒன்றே. ஊர்ப்பெயர் எங்கு நின்றாலும் அதன் கடமையை அதன் உருபு சொல்லிவிடுகின்றது. உருபை உதிர்த்த தமிழன், தன் மொழி தனக்குத் தந்த காப்பை உதிர்த்துவிட்டு, ஆங்கிலச் சொல்நிரலின் காலடியில் போய் நிற்கின்றான். தேடுபொறிகள் பக்கங்களை முன்பின்னாக வரிசைப்படுத்துங்கால் சொல்நிரலை எவ்வாறு கணக்கிற் கொள்கின்றன, அக்கணக்கு எம்மொழியின் இயல்பிலிருந்து பிறந்தது, தமிழ் அதற்கு எவ்வாறு முகங்கொடுக்க வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இப்பொழிவின் நோக்கமாகும்.

தேடுபொறி என்பது மாயப்பொருள் ஒன்றன்று. அது பேருருவங் கொண்ட சொல்லடைவே. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை மூன்று பகுதிகளாக வெளியிட்டதை அறிஞர் அறிவர். அத்தகைய அடைவில் ஒரு சொல்லை எடுத்தால், அச்சொல் எந்நூலில் எவ்விடத்தில் வருகின்றது என்னும் குறிப்புகள் அதன் எதிரே நிற்கும். தேடுபொறியும் அதனையே செய்கின்றது. நூல்களுக்கு மாற்றாக இணையப் பக்கங்களை அடைவு செய்கின்றது. இரு சொற்களை இட்டுத் தேடினால், இரண்டும் அமைந்த பக்கங்களை இரு பட்டியல்களிலிருந்தும் ஒப்புநோக்கி எடுக்கின்றது. அங்ஙனம் எடுத்த பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது எதனை முதலில் வைப்பது, எதனைக் கடையில் வைப்பது என்பதே வரிசைப்படுத்தும் சிக்கல். முதற் பத்துள் வாராத பக்கத்தைப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஆகலின் அவ்வரிசை, ஒரு பக்கத்தின் வாழ்வையும் சாவையும் தீர்மானிப்பதாகிவிட்டது.

தொடக்கக் காலத்தில் அவ்வரிசைக்குச் சொல்லெண்ணிக்கையே அளவுகோலாயிற்று. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஆன்சு பீட்டர் இலூன், ஓர் ஆவணத்தில் ஒரு சொல் எத்துணை முறை வருகின்றது என்பதைக் கொண்டு அச்சொல்லின் முதன்மையை அளக்கலாம் என்று 1950-களின் பிற்பகுதியில் காட்டினார். எங்கும் மலிந்த சொல்லைவிட அரிதாக வரும் சொல்லுக்கே எடை மிகுதி என்னும் கருத்தைக் கேம்பிரிட்சைச் சேர்ந்த காரன் இசுபார்க்கு சோன்சு 1972-இல் நிறுவினார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் செரார்டு சால்டனும் அவர்தம் குழுவினரும், ஓர் ஆவணத்தை எண்களின் நிரையாக மாற்றித் தேடுதொடரோடு ஒப்பிடும் முறையை 1975-இல் வெளியிட்டனர். இவை யாவும் இன்றுவரை தேடற்கலையின் அடிக்கற்கள். ஆயினும், இவற்றுக்குப் பொதுவான குறை ஒன்றுண்டு. ஓர் ஆவணத்தின் சொற்களையெல்லாம் ஒரு சாக்கில் கொட்டிக் குலுக்கினாற் போலவே இம்முறைகள் பார்த்தன. எச்சொல் முன்னது, எச்சொல் பின்னது என்பது சாக்கிற்குத் தெரியாது.

இக்குறை ஆங்கிலத்தை எவ்வளவு தாக்கும், தமிழை எவ்வளவு தாக்கும் என்பதைச் சற்று நிறுத்துப் பாருங்கள். 'புலி யானையைக் கொன்றது' என்னும் தொடரைச் சாக்கில் இட்டுக் குலுக்குங்கள். 'கொன்றது, யானையை, புலி' என்று எவ்வாறு வெளிவந்தாலும், செத்தது யானை என்பது தெளிவு. 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு அதனைச் சொல்கின்றது. இதே கருத்தை ஆங்கிலத்திற் சொல்லிக் குலுக்கினால், புலி, யானை, கொன்றது என்னும் மூன்று கருத்துகள் மட்டும் எஞ்சும். கொன்றது எது, செத்தது எது என்று எவராலும் சொல்லவியலாது. பழைய ஆங்கிலத்திற்கு வேற்றுமை ஈறுகள் இருந்தன. நூற்றாண்டுகளின் ஓட்டத்தில் அவை பெரும்பாலும் தேய்ந்தொழிந்தன. ஒழிந்த ஈறுகளின் வேலையைச் சொல்நிரல் ஏற்றுக்கொண்டது. எனவே, ஆங்கிலத்தைத் தேடவந்த பொறிக்குச் சொல்நிரலைக் கற்பது உயிர்த்தேவையாயிற்று.

1998-ஆம் ஆண்டில் ஆத்திரேலியாவின் பிரிசுபேன் நகரில் கூடிய உலகளாவிய வலை மாநாட்டில், இசுட்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர்களான செருகே பிரின், இலாரி பேச் என்னும் இருவரும், தாம் அமைத்த கூகுள் பொறியின் கட்டமைப்பை விளக்கிக் கட்டுரை அளித்தனர். அப்போது அப்பொறியிடம் இருந்த பக்கங்கள் ஏறத்தாழ 2 கோடியே 40 இலக்கம். ஒரு பக்கத்திற்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளை எடையிட்டு அதன் மதிப்பைக் காணும் முறையே அக்கட்டுரையால் புகழ்பெற்றது. ஆனால், அதனுள் வேறொரு செய்தியும் உண்டு. ஒரு பக்கத்தில் ஒரு சொல் வருகின்றது என்பதோடு, எத்தனையாவது இடத்தில் வருகின்றது என்பதனையும் அப்பொறி குறித்துவைத்தது. தலைப்பில் வரும் சொல்லையும், பிற பக்கத்தார் தரும் இணைப்புத் தொடரில் வரும் சொல்லையும் தனித்துப் பிரித்து எண்ணியது. தேடுவோர் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சொற்களை இட்டால், அவை பக்கத்தில் ஒன்றுக்கொன்று எத்துணை அண்மையில் நிற்கின்றன என்று அளந்தது. முழுத் தொடராகவே பொருந்துவது முதல், சற்றும் அண்மையில் இல்லாதது வரை, அவ்வண்மையைப் 10 படிகளாக வகுத்தது. சாக்கில் கிடந்த சொற்களுக்கு இங்ஙனம் மீண்டும் இருப்பிடம் கிடைத்தது.

இன்று வழங்கும் முழுக் கணக்கை அந்நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. எனினும் பொதுவான போக்கு தெளிவு. தேடுசொற்களை முன்பின்னாக மாற்றி இட்டால், வரும் பட்டியலும் மாறுவதுண்டு. மேற்கோட் குறிக்குள் இட்டால், அதே சொற்கள் அதே நிரலில் நிற்கும் பக்கங்களே வேண்டப்படுகின்றன என்று பொறி கொள்ளும்.

ஆயினும், அண்மையை அளப்பது வேறு. பொருளை உணர்வது வேறு. இதற்குக் கூகுள் நிறுவனமே 2019-ஆம் ஆண்டு அக்குடோபர்த் திங்களில் ஒரு சான்று தந்தது. பிரேசில் நாட்டுப் பயணி ஒருவர் அமெரிக்காவிற்குச் செல்ல நுழைவிசைவு வேண்டுமா என்று ஆங்கிலத்தில் தேடினால், அமெரிக்கர் பிரேசிலுக்குச் செல்வதைப் பற்றிய பக்கங்களே முன்பு வந்தனவாம்! 'டு' என்னும் சிறுசொல்லின் அருமை பொறிக்கு விளங்கவில்லை. எங்கும் மலிந்த இத்தகைய சிறுசொற்களை எடையற்றவை என்று தள்ளுவது தேடுபொறிகளின் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்தால் திசையே தலைகீழாயிற்று.

இதனைத் திருத்தவந்ததே 'பெர்ட்' எனப்படும் மொழிக்கணிப்பு முறை. 2017-இல் கூகுள் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட புதிய கட்டமைப்பு ஒன்றன்மேல் 2018-இல் அது எழுப்பப்பட்டது. அக்கட்டமைப்பு, தொடரிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் பிற எல்லாச் சொற்களோடும் ஒருசேரத் தொடர்புபடுத்திப் பார்க்கின்றது. அங்ஙனம் பார்க்குங்கால் நிரல் மறைந்துவிடும் ஆகலின், ஒவ்வொரு சொல்லோடும் அதன் இட எண்ணையும் சேர்த்து ஊட்டுகின்றனர். 2019-இல் இம்முறை தேடலில் புகுத்தப்பட்டபோது, அமெரிக்காவில் ஆங்கிலத்தில் நிகழும் தேடல்களுள் 10-இல் ஒன்றை இது செம்மைப்படுத்தும் என்று அந்நிறுவனம் கூறியது. அவ்வாண்டு திசம்பரில் 70-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு இது விரிந்தது. தமிழும் அவற்றுள் ஒன்று.

அன்பர்களே! பேரறிஞர் பலர் கூடிப் பெரும்பொருள் செலவிட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் அப்பொறிக்குக் கற்பித்தது எதனை? 'டு' என்பது எப்பெயரைச் சார்ந்தது என்பதனை அன்றோ! தமிழில் அது 'கு' என்னும் நான்காம் வேற்றுமை உருபு. தான் சாரும் பெயரோடு ஒட்டியே அது நிற்கும். 'அமெரிக்காவிற்கு' என்று எழுதியபின் அதனைப் பிரேசிலுக்கு உரியதென்று எவரும் மயங்கார். ஆங்கிலம் இடத்தால் உணர்த்துவதைத் தமிழ் உருபால் உணர்த்துகின்றது. இது வெறும் பெருமைப் பேச்சன்று; மொழியமைப்பின் உண்மை.

இவ்வுண்மையைத் தமிழிலக்கணிகள் பண்டே வகுத்துரைத்தனர். செய்யுளிற் சொற்கள் நிற்கும் நிரலும் பொருள் கொள்ளும் நிரலும் வேறுபடலாம் என்பதனால், தொல்காப்பியர் எச்சவியலில் நிரல்நிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று என நான்கு முறைகளைக் கூறினார். பின்வந்த நன்னூலார், பொருள்கோள் என்னும் தலைப்பில் எட்டு முறைகளை எண்ணினார். அவற்றுள் கொண்டுகூட்டு என்பது, பல அடிகளில் சிதறி நிற்கும் சொற்களைப் பொருள் நோக்கிக் கொண்டுவந்து கூட்டுவது. ஆழ்ந்து நோக்கின், தேடுபொறி செய்யும் வேலையும் ஒருவகைப் பொருள்கோளே. சிதறிய சொற்களைக் கொண்டு, தேடுவோர் கருதிய பொருள் யாது என்று கூட்டி உணர முயல்கின்றது அது.

அதனால், தமிழில் சொல்நிரலுக்கு வேலையே இல்லை என்று எவரும் முடிவுகட்டிவிடலாகாது. அம்முடிவு பிழை. உருபு வெளிப்பட்டு நிற்குமிடத்து நிரல் நெகிழும். உருபு தொக்கு மறைந்த தொகைச்சொற்களிலோ நிரலே அரசு செலுத்தும். 'வீட்டுத் தோட்டம்' என்பது வீட்டைச் சார்ந்த தோட்டம். 'தோட்ட வீடு' என்பது தோட்டத்திலுள்ள வீடு. முன்னதைத் தேடுபவர் கீரை விதைக்க விரும்புபவர். பின்னதைத் தேடுபவர் குடியேற விரும்புபவர். 'மலைத்தேன்' வேறு, 'தேன்மலை' வேறு. 'செங்கால் நாரை' என்பதில் நிறமும் உறுப்பும் முதலும் அந்நிரலிலேயே நிற்க வேண்டும். வண்ணச் சினைச்சொல்லுக்கு உரிய இம்மரபைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே கூறிவிட்டார். உருபு மறையும்போது பொருள் எவ்வாறு தடுமாறும் என்பதற்கு உரையாசிரியர் காட்டும் 'புலிகொல் யானை' என்னும் தொடரை மாணவரும் அறிவர். புலியைக் கொன்ற யானையா, புலியாற் கொல்லப்பட்ட யானையா? இரண்டாம் வேற்றுமைக்கும் மூன்றாம் வேற்றுமைக்கும் அங்கே இடமுண்டு; பொருளறிந்தவரே இடம் நோக்கித் தெளிவர்.

'சென்னை டு மதுரை' என்று எழுதுபவர் செய்வது இதுவே. தெளிவாகச் சொல்லக்கூடியதைத் தாமே 'புலிகொல் யானை' ஆக்கிப் பொறியின் முன் வைக்கின்றார். பின்னர்ப் பொறி தடுமாறுகின்றது என்று குறைகூறுகின்றார்.

பொறியின் பக்கமும் குறையுண்டு. அதனையும் மறைக்க வேண்டியதில்லை. ஆங்கிலச் சொல்லின் ஈறுகளை வெட்டி வேர்வடிவத்தைக் காணும் முறை ஒன்றை மார்ட்டின் போர்ட்டர் 1980-இல் வெளியிட்டார். ஆங்கிலத்தில் ஈறு வெட்டினால் இழப்பு சிறிது. அதே கத்தியைத் தமிழ்மேல் வைத்தால் என்ன நேரும்? 'மதுரைக்கு', 'மதுரையிலிருந்து', 'மதுரையில்', 'மதுரையை' என்பவற்றின் ஈறுகளை வெட்டினால் எல்லாம் 'மதுரை' ஆகும். சொற்கள் கிட்டும்; திசை போய்விடும். தமிழ் தன் சொல்நிரற் பொருளையெல்லாம் எந்த ஈற்றில் வைத்துள்ளதோ, அந்த ஈறே குப்பைக்குப் போகும். வெட்டாமல் விட்டாலோ, நான்கும் வெவ்வேறு சொற்களாக அடைவில் ஏறும். 'மதுரையில்' என்று எழுதிய நல்ல பக்கம், 'மதுரை' என்று தேடுவார்க்கு எட்டாமற் போகும். வெட்டினாலும் கேடு, விட்டாலும் கேடு. உருபைப் பிரித்தறிந்து, எறியாமல், அதன் பொருளோடு காத்துவைக்கும் இலக்கண அறிவே இதற்கு மருந்து.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்று புணர்ச்சியில் உள்ளது. 'தமிழ்' என்னும் ஒரே சொல், 'தமிழ்க் கல்வி', 'தமிழ்ச் சங்கம்', 'தமிழ்த் தாய்', 'தமிழ்ப் பள்ளி' என வருமொழிக்கேற்ப நான்கு முகங்கள் கொள்கின்றது. இடைவெளியைக் கொண்டு சொல்லைப் பிரிக்கும் பொறிக்கு இவை நான்கு வெவ்வேறு எழுத்துக் கோவைகள். சேர்த்து எழுதினால் ஐந்தாவது கோவை. ஆங்கிலத்தில் ஒரு சொல்லை இடம் மாற்றினால் அதன் எழுத்து மாறாது. தமிழிலோ, அடுத்து நிற்கும் சொல் எது என்பது முன்னிற்கும் சொல்லின் எழுத்திலேயே பதிவாகின்றது. 'வீட்டுத் தோட்டம்' என்பதன் நிரலை மாற்றினால், 'வீட்டுத்' என்பது 'வீடு' ஆகின்றது. 'தோட்டம்' என்பது 'தோட்ட' ஆகின்றது. சொல்நிரல், சொல்லின் உடம்பிலேயே எழுதப்படும் மொழி இது. இன்றைய கணிப்பு முறைகள் சொல்லைத் துண்டுகளாக்கிப் பார்ப்பதால் இச்சிக்கல் ஓரளவு தணிந்துள்ளது. ஆனால், எவ்வெழுத்துக் கோவை எத்துணை முறை வருகின்றது என்னும் எண்ணிக்கையைக் கொண்டே அவை வெட்டுகின்றன. பகுதி, விகுதி, சாரியை என்னும் உறுப்பிலக்கணத்தைக் கொண்டு வெட்டுவதில்லை. ஆகலின் பல இடங்களில் வெட்டு, மூட்டில் விழாமல் எலும்பின் நடுவில் விழுகின்றது.

இனி, உண்மையான ஏதத்திற்கு வருவோர், இங்கே கருத்தூன்ற வேண்டும். பொறி தமிழைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது பாதிக் கேடே. பொறிக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத் தமிழன் தன் தமிழை மாற்றி எழுதத் தொடங்கிவிட்டான் என்பதே முழுக்கேடு. தேடுவோர் உருபின்றி இடும் சொற்கோவையை அப்படியே எடுத்துத் தொடருக்குள் செருகும் வழக்கம் இணைய எழுத்தில் பரவி வருகின்றது. 'சென்னையில் வீட்டுத் தோட்டம் அமைப்பது எப்படி' என்று எழுத வேண்டிய இடத்தில், 'வீட்டு தோட்டம் சென்னை அமைப்பது எப்படி' என்று தலைப்பு வருகின்றது. ஒற்றும் போயிற்று, உருபும் போயிற்று. அடுத்த வரியிலும் அதற்கடுத்த வரியிலும் அதே மூன்று சொற்கள் அதே நிரலில் மந்தைபோல் திரும்பத் திரும்ப வருகின்றன. இதனைத் தொழில்நுட்பம் என்று சிலர் விலைக்கும் விற்கின்றனர்.

இத்தொழிலால் பயனுண்டோ என்றால், அதுவும் ஐயத்திற்குரியதே. திறவுச்சொற்களை இயல்புக்கு மாறாகத் திணிப்பதைக் கூகுள் நிறுவனம் தன் நெறிமுறைகளில் குற்றமாகவே குறித்துள்ளது. அத்தகைய பக்கங்கள் பின்தள்ளப்படலாம், நீக்கவும்படலாம். பக்கத்தின் மறைவிடத்தில் திறவுச்சொற் பட்டியல் எழுதிவைக்கும் பழைய முறையைத் தன் வரிசைக் கணக்கிற்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009-ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனம் அறிவித்துவிட்டது. பொறி, மாந்தர் பேசும் இயல்பான தொடரை நோக்கி வந்துகொண்டிருக்கின்றது. தமிழரிற் சிலரோ, பொறி கைவிட்ட பழைய குறையை நோக்கித் தம் மொழியை வளைத்துக்கொண்டிருக்கின்றனர். இதனினும் வேடிக்கை வேறுண்டோ?

இன்னொன்றும் எண்ணத்தக்கது. இப்பொறிகள் எதனைப் படித்து மொழியைக் கற்கின்றன? இணையத்தில் மக்கள் எழுதியவற்றையே. உருபிழந்த தொடர்களும், ஒற்றிழந்த தொகைகளும், கலவைச் சொற்களும் மலிந்தால், அவையே தமிழ் என்று பொறி கற்கும். கற்றதை நாளை அதுவே திருப்பித் தரும். அதனைப் பார்த்து அடுத்த தலைமுறைக் குழந்தை கற்கும். மண்ணிற் கலந்த நஞ்சு நீரில் ஏறி, நீரிலிருந்து பயிரில் ஏறுதல் போன்றதே இது.

குற்றத்தை அயலார் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு அமைதல் அறமன்று. தனித்தமிழ் அன்பரிடத்தும் ஒரு குறை உண்டு. வெளிப்படையாகவே அது சொல்லப்பட வேண்டும். ஒரு பொருளுக்கு ஒருவர் 'தேடுபொறி' என்பார். மற்றொருவர் 'தேடற்பொறி' என்பார். வேறொருவர் மூன்றாவது சொல்லைப் படைப்பார். 'கணினி', 'கணிப்பொறி' என இரண்டு வழங்க, ஈழத்தில் 'கணணி' என்றும் எழுதுவோர் உளர். சொல்லாக்கம் செழிப்பின் அடையாளமே. ஆனால், பத்து அறிஞர் பத்துச் சொற்களில் எழுதினால், அப்பத்துப் பக்கங்களும் ஒன்றோடொன்று கைகோக்காமல் தனித்தனியே கிடக்கும்; ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிய பக்கமோ ஒரே சொல்லில் நிற்பதால் முந்திக்கொள்ளும். தனித்தமிழை ஆங்கிலம் வெல்வதைவிடத் தனித்தமிழரின் ஒற்றுமையின்மை அதனைத் தோற்கடிப்பதே மிகுதி.

எனவே, செய்ய வேண்டுவன இவை.

முதலாவது, தேடுவோர் தமிழெழுத்தில், தமிழ்த் தொடராக, உருபோடு தேடுக. 'சென்னையிலிருந்து மதுரைக்குப் பேருந்து நேரம்' என்று எழுதுதற்கு இன்னும் சில எழுத்துகளே மிகை. மக்கள் எவ்வாறு தேடுகின்றனரோ அதனையே பொறி மதிக்கும். கேட்பாரில்லாத சரக்கை எக்கடையும் அடுக்கி வையாது.

இரண்டாவது, எழுதுவோர் தலைப்பைத் தெளிவான இயற்றமிழ்த் தொடராக அமைக்க. அழகுக்காகப் பொருளை மறைக்கும் தலைப்பு, தேடுவார்க்கு எட்டாது. எப்பொருளைப் பற்றிய கட்டுரையோ அப்பொருளின் பெயர் தலைப்பிலும் முதற்பத்தியிலும் அண்மையில் அமைக. தொகைச்சொல்லின் நிரலைப் பிழையாது எழுதுக. ஒற்று மிகுமிடத்து மிகுத்தும், மிகாவிடத்து விலக்கியும் எழுதுக. ஆளுக்கொரு வகையாய் எழுதுவது ஒரு சொல்லைப் பல சொற்களாக உடைப்பதாகும்.

மூன்றாவது, சொல்லாக்குநர் ஒன்றுகூடி ஒரு பொருளுக்கு ஒரு சொல்லை முதன்மைச் சொல்லாகத் தேர்க. வேறு சொல்லை விரும்புவோரும் அம்முதன்மைச் சொல்லைத் தம் கட்டுரையில் ஒருமுறையேனும் எடுத்தாள்க. மக்கள் வழக்கிலுள்ள அயற்சொல்லைத் தேடி வருவாரையும் தள்ளிவிடாமல், அச்சொல்லைச் சுட்டி, அதற்குரிய தமிழ்ச்சொல் இதுவென்று காட்டுக. அயற்சொல்லின் வழியே வந்தவன் தமிழ்ச்சொல்லோடு திரும்பட்டும்.

நான்காவது, இலக்கணம் கற்றோரும் கணினி கற்றோரும் ஒருங்கமர்க. எழுத்ததிகாரத்துப் புணர்ச்சி விதிகளும் சொல்லதிகாரத்து வேற்றுமை விதிகளும் தேர்வுக்கு நெட்டுருச் செய்தற்கென இயற்றப்பட்டவை அல்ல. நிலைமொழியையும் வருமொழியையும் பிரிக்கவும், பகுதியையும் உருபையும் பகுக்கவும், தொக்க உருபை விரிக்கவும் தெளிந்த முறைகள் அவற்றுள் உள்ளன. அவற்றைப் பொறி பயிலும் வடிவில் எழுதித் தருதற்குரிய கடமை தமிழருக்கே உண்டு. பிறமொழியார் அதனைச் செய்துதருவர் என்று காத்திருத்தல் மடமை.

ஐந்தாவது, நல்ல தமிழ் இணையத்தில் பெருகுக. பழைய தனியெழுத்துருக்களில் முடங்கிக் கிடக்கும் பக்கங்களையும், எழுத்தைப் படமாக ஒட்டிவைத்த பக்கங்களையும் ஒருங்குறி எழுத்தாக மாற்றுதல் வேண்டும். பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் அரசுத் துறைகளும் தம்மிடமுள்ள செந்தமிழ் உரைநடையைத் திறந்துவைத்தல் வேண்டும். பொறி கற்கும் பள்ளியில் நல்லாசிரியர் தொகை மிகுந்தால், மாணவனாகிய பொறியும் நன்றாகவே பேசும்.

தமிழ்ப் பெருமக்களே! ஓலையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து திரைக்கும் தமிழ் ஏறி வந்தது. ஏறிய ஒவ்வொரு படியிலும் கருவி மாறியது. 'கு' என்னும் உருபு தன் கடமையை மாற்றிக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தின் ஒரு சிறுசொல்லை உணர்தற்கு இருபது ஆண்டுகள் உழைத்த பொறி, தமிழின் ஓர் உருபை உணர்தற்கு இன்னும் சில ஆண்டுகள் உழைத்தால் குறைவொன்றுமில்லை. அதுவரை உருபை உதிர்க்காமல் காப்பது தமிழர் கடன். மொழிக்கேற்பப் பொறி வளைக. பொறிக்காக மொழி வளையற்க!

வெல்க தமிழ்!